நம்ம படம் நம்ம கையில்
சின்ன டிஜிட்டல் கெமராவை வாங்குவதும் பாவிப்பதும்



போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னே, கொள்ளுப்பிட்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிற தம்பி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஊர் மஸ்கெலியாப் பக்கம். வந்ததும் வராததுமாக, "அண்ணே, ஊருக்குப் போறப்ப ஒரு சின்ன கெமரா கொண்டு போகணும். எங்க அம்மாயிக்கு எம்பது தாண்டிருச்சு. வீட்டுல அவங்க படம்னு ஒண்ணுகூட இல்ல. போன்ல எடுத்து வச்சிருந்தேன். போன் தண்ணியில விழுந்துச்சு, எல்லாம் போயிருச்சு" என்றார்.

இது அந்தத் தம்பி வீட்டுக் கதை மட்டுமா? நம்ம லயங்களில் பாதி வீட்டுக் கதை இதுதான். தாத்தா எப்படி இருப்பார் என்று பேரப்பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு ஒரு படம் கிடையாது. இருப்பதெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த முத்திரை அளவுப் படம். இல்லையென்றால் இந்தியாவுக்குப் போகிறபோது பாஸ்போட்டுக்காக ஸ்டூடியோவில் குடும்பமாக நின்று எடுத்த படம்.

ஆகவே இம்முறை சின்ன டிஜிட்டல் கெமராவைப் பற்றி எழுதுகிறோம். தொழிலுக்காகப் படம் பிடிக்கிறவர்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமையில், திருநாளில், பிள்ளை பிறந்தால், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாலு படம் எடுத்து வைக்க நினைக்கிறவர்களுக்கு.

நம்மைப் படம் பிடித்தவர்கள்

நம்மை யாரும் படம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏராளமாகப் பிடித்திருக்கிறார்கள். ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலேய அம்மா, 1863ஆம் ஆண்டில் தமது 48ஆவது வயதில் மகளும் மருமகனும் கொடுத்த கெமராவை வைத்துக்கொண்டு படம் பிடிக்கப் பழகியவர். உலகத்தில் பெயர் பெற்ற படப்பிடிப்பாளர்களில் ஒருவர். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையிலும் மலைநாட்டிலும் இருந்துகொண்டு இங்குள்ள சனங்களைப் படம் பிடித்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா கிளன்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்து மயானத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தப் பாதையால் போய் வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் எடுத்த படங்களில் தோட்டத்துச் சனங்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் படத்தில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்குப் பெயர் கிடையாது.

பிறகு கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் வந்தார்கள். 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி, நெடுங்காலம் கொள்ளுப்பிட்டி காலி வீதியில் இருந்த ஸ்தாபனம். இவர்களும் மற்றவர்களும் இலங்கைக் காட்சிகளைத் தபால் அட்டைகளாக அச்சடித்து விற்றார்கள். கூடை சுமந்து நிற்கிற நம்ம பெண்கள் அந்த அட்டைகளில் உலகம் முழுக்கப் போனார்கள். அங்கேயும் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்பதுதான் பெயர். இன்றைக்கும் தேயிலைப் பெட்டிகளில் அதே கூடை, அதே சிரிப்பு. அந்த அம்மா யார், எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகளைப் பெற்றவர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

படத்தை நம்ம ஆள் எடுத்து, பின்பக்கத்தில் பேரையும் எழுதி வைத்தால் அது வேறு படம். அதற்குப் பெரிய கெமரா தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல் டிஜிட்டல் கெமராவை 1975இல் அமெரிக்காவின் கொடக் கம்பனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினியர் செய்தார். நிறை 3.6 கிலோ. ஒரு படத்தை கெசட் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. படமும் கறுப்பு வெள்ளை. இன்றைக்கு அதே வேலையைச் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு பெட்டி கண் இமைக்கிற நேரத்தில் செய்துவிடுகிறது.

பழைய கெமராவில் பிலிம் சுருள் இருந்த இடத்தில் இதில் சென்சர் என்ற சின்னச் சில்லு இருக்கிறது. மலிவான கெமராக்களில் அதன் அகலம் 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, உயரம் 4.5 மில்லிமீற்றர். ஒரு கடலைப் பருப்பு அளவுதான். அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்தால் படம். பத்து இலட்சம் புள்ளி இருந்தால் அதை ஒரு மெகாபிக்சல் என்பார்கள்.

சென்சர் சின்னது என்பதால் அதற்கு வெளிச்சம் நிறையத் தேவை. வெளிச்சம் நன்றாக இருந்தால் மலிவுக் கெமராவும் நல்ல படம் தரும். இருட்டில் படம் புள்ளி புள்ளியாக, கலங்கலாக வரும். இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எதை வாங்குவது?

2010ஆம் ஆண்டில் ஜப்பானியக் கம்பனிகள் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கெமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 இலட்சத்துக்கும் குறைவு. நல்ல கெமராவோடு போன் வந்ததுதான் காரணம். அதனால் நல்ல நிலையில் உள்ள பழைய சின்னக் கெமராக்கள் பல வீடுகளில் இலாச்சியில் சும்மா கிடக்கின்றன. கொழும்பில் வீட்டு வேலை, கடை வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் கேட்டுப் பார்த்தால் குறைந்த விலைக்கே கிடைக்கலாம்.

போன் இருக்கும்போது கெமரா எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நல்ல போன் கையில் இருந்தால் அதுவே போதும். கீழே சொல்கிற பெரும்பாலானவை போனுக்கும் பொருந்தும். ஆனால் சின்னக் கெமராவில் கண்ணாடி வில்லையே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும். பிளாஷ் வெளிச்சம் போனை விடப் பலமானது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் இன்டர்நெட் பக்கம் போய்விடுவார்களோ என்ற பயமும் இல்லை.

அந்தத் தம்பியோடு நாங்களும் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் 16 மெகாபிக்சல் கெமரா, விலையும் மலிவு என்று கையில் திணித்தார்கள். திறந்து பார்த்தால் அதற்குரிய மெமரி காட் இப்போது லேசில் கிடைக்காத வகை. பணத்தைக் கொடுத்திருந்தால் அவ்வளவுதான். ஆகவே வாங்குமுன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மெமரி காட்: எஸ்.டி. காட் போடுகிற கெமராவாகப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்.டி. காட், மெமரி ஸ்டிக் போன்றவை இப்போது தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 2006க்கு முந்திய கெமரா என்றால் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட காட்டை ஏற்காது. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை 32 ஜி.பி. வரை ஏற்கும். 64 ஜி.பி. காட்டைப் பழைய கெமராவில் போட்டுவிட்டு 'கெமரா பழுது' என்று சொல்லக்கூடாது.

2. பெட்டரி: டோர்ச்சுக்குப் போடுகிற சின்ன ஏ.ஏ. பெட்டரி போடுகிற கெமரா நமக்கு வசதி. ஆனால் மலிவுப் பெட்டரி நாலைந்து படத்தோடு படுத்துவிடும். சார்ஜ் செய்கிற நிக்கல் வகைப் பெட்டரி நாலு வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். தனிப் பெட்டரி உள்ள கெமரா என்றால் சார்ஜரும் சேர்த்து வாங்கவேண்டும்.

3. மெகாபிக்சல்: எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். சாதாரண 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூட இருந்தாலே போதும். 8க்கு 10 அங்குலத்தில் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட ஏறக்குறைய 7 மெகாபிக்சல் வேண்டும். 8 மெகாபிக்சல் கெமரா ஒன்று வீட்டுக்குத் தாராளம்.

4. ஸூம்: 'ஒப்டிகல்' ஸூம் எத்தனை என்று கேளுங்கள். 3 அல்லது 4 மடங்கு போதும். 'டிஜிட்டல்' ஸூம் என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

5. கடையிலேயே பரீட்சை: வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் உள்ளே தூசியோ பூஞ்சணமோ பிடித்திருக்கிறது. வில்லை சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, பிளாஷ் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. கெமராவுக்காகக் கடன் வாங்காதீர்கள். தீபாவளி முற்பணத்திலும் கை வைக்காதீர்கள். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் பாவித்தால் என்ன குறைந்து போகும்?

எடுக்கும் முறை

கெமரா கைக்கு வந்ததும் முதல் வேலை, திகதியையும் நேரத்தையும் சரியாக வைப்பது. பத்து வருஷம் கழித்து 'இது எந்த வருஷம்?' என்று யாரும் மண்டையை உடைக்கவேண்டியதில்லை. கூரை ஒழுகுவது, சுவர் வெடிப்பது போன்றவற்றை எடுத்துக் காட்டி முறைப்பாடு செய்கிறபோதும் திகதி தெரிந்தால் நல்லது.

அடுத்தது பட்டன். பலரும் ஒரே அமுக்காக அமுக்கிவிடுகிறார்கள், படம் மங்கிப் போகிறது. முதலில் பாதி அமுக்கிப் பிடியுங்கள். கெமரா தூரத்தைக் கணக்குப் பார்த்து, திரையில் பச்சைக் கட்டம் காட்டும். அதன் பிறகு மீதியை மெதுவாக அமுக்குங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வையுங்கள். மூச்சை ஒரு கணம் பிடியுங்கள். கை நடுங்கும் என்றால் வேலிக் கட்டையிலோ மேசையிலோ கெமராவை வைத்து, 2 செக்கன் தாமதத்தில் தானாக எடுக்கிற வசதியைப் பாவியுங்கள். எல்லோரும் நிற்கிற குடும்பப் படத்துக்கு 10 செக்கன் வையுங்கள். எப்போதும் எடுக்கிறவர் படத்தில் இல்லாமல் போவதும் ஒரு குறைதானே.

கிட்டப் போங்கள். லயம் முழுக்க, மலை முழுக்கத் தெரியவேண்டும் என்று பத்து யார் தள்ளி நின்றால் முகம் மிளகளவுதான் வரும். பிள்ளையைப் படம் பிடிக்கிறபோது குந்தி உட்காருங்கள். பிள்ளையின் கண் உயரத்தில் கெமரா இருக்கட்டும்.

மலைநாட்டு வெளிச்சம்

நம்ம ஊரில் மூன்று சங்கடம் உண்டு.

ஒன்று, பனிமூட்டம். கெமராவுக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். அதனால் வெள்ளை மூட்டத்தில் எடுத்த படம் அழுக்காக, இருண்டு வரும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளினால் மூட்டம் மூட்டமாகவே வரும்.

இரண்டு, உச்சி வெயில். முக்காடு போட்டு, கூடைக் கயிறு தலையில் மாட்டி நிற்கிற அம்மாவின் முகத்தில் நிழல் விழுந்து கறுத்துப் போகும். வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பகலிலேயே பிளாஷை, அந்த மின்னல் குறியை, கட்டாயமாகப் போட்டு எடுங்கள். அல்லது நிழலில் நிற்கச் சொல்லுங்கள். காலை பெரட்டு நேரமும் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிகிற நேரமும்தான் முகத்துக்கு நல்ல வெளிச்சம்.

மூன்று, லயத்துக்குள் இருட்டு. ஆளை வாசல் பக்கம் முகம் பார்த்து உட்கார வையுங்கள். நீங்கள் வாசலுக்கு முதுகு காட்டி, வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கி நின்று எடுங்கள். பிளாஷ் போடாமலே படம் அழகாக வரும்.

மாசி மாதத்தில் காமன் கூத்து இராத்திரியில்தான் நடக்கும். சின்னக் கெமராவின் பிளாஷ் மூன்று நாலு மீற்றர் தூரத்துக்குத்தான் எட்டும். தூரத்தில் நின்று அடித்தால் முன்னால் நிற்கிறவர் தலைதான் வெள்ளையாக வரும். ரதியும் மன்மதனும் வேஷம் கட்டுகிற இடத்திலேயே, கூத்துத் தொடங்குமுன் கிட்ட நின்று எடுத்துக்கொள்ளுங்கள். வேஷம் கட்டுகிறவர் பெயரையும் தப்பு அடிக்கிறவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள மறக்கவேண்டாம்.

பழைய படத்தைக் காப்பாற்றுங்கள்

இதுதான் அவசரமான வேலை. புதுப் படத்தை நாளைக்கும் எடுக்கலாம். பழைய படம் ஈரத்தில் ஒட்டி, கறையான் அரித்து நாளுக்கு நாள் அழிகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. அப்படிப் பிரிந்த குடும்பங்களில் பலருக்கு, போனவர்களின் முகமாக மிஞ்சியிருப்பது அந்தப் பாஸ்போட்டுப் படம் ஒன்றுதான்.

அதைக் கெமராவால் பிரதி எடுக்கலாம். படத்தை வெளியே, வெயில் படாத நிழலில் ஒரு பலகைமேல் வையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள், இல்லையென்றால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். பூப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் கெமரா கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாக எடுக்கும். கெமரா சரியாமல் நேர் மேலே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். சட்டத்தோடு சரித்து வைத்து, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காத பக்கம் பார்த்து எடுங்கள்.

பத்திரப்படுத்தல்

குளிரில் இருந்த கெமராவைச் சூடான குசினிக்குள் கொண்டு போனால் வில்லையில் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். மழைக்காலத்தில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மாதக் கணக்கில் பாவிக்காவிட்டால் பெட்டரியைக் கழற்றி வையுங்கள். தவறிப்போய்ப் படம் அழிந்தால் அந்தக் காட்டில் மேற்கொண்டு ஒன்றும் எடுக்காமல் கடையில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மீட்கலாம்.

படங்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. உயிர் பிழைத்தவர்களுக்கு, போனவர்களின் முகம் பார்க்க ஒரு படம் மிஞ்சுவதுகூடப் பெரிது. ஆகவே ஒரு பிரதி வீட்டில், இன்னொரு பிரதி கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையிடம் இருக்கட்டும். நல்லதாகப் பத்துப் படத்தைக் கடதாசியில் அச்செடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிசன், திகதி எழுதுங்கள். காட் கெட்டுப் போகலாம், கடதாசி தாத்தா காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

மரியாதை

கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கவா?" என்று கேட்பதில் குறைச்சல் இல்லை. பீலியில் குளிக்கிறவர்கள், பால் கொடுக்கிற தாய், குடித்து விழுந்து கிடக்கிறவர், இவர்களை எடுப்பது கெமரா அல்ல, கெட்ட புத்தி. பிள்ளை மடுவத்தில் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும். தொழிற்சாலைக்குள் எடுப்பதென்றால் அனுமதி கேளுங்கள். நம்மைக் கேட்காமல் படம் பிடித்துக்கொண்டு போனவர்களை நாம் பார்த்துவிட்டோம். அதே தப்பை நாமும் செய்யக்கூடாது.

அந்தத் தம்பி தீபாவளி முடிந்து வந்தார். கையில் பத்துப் படம். ஒன்றில் அம்மாயி வாசற்படியில், வெளிச்சம் பார்த்து உட்கார்ந்திருந்தார். இன்னொன்று, இந்தியாவுக்குப் போன தம்பியின் பழைய படத்தின் பிரதி. "அத பெருசாக்கிக் கையில குடுத்தேன் அண்ணே. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் அவர் பேரு, பொண்டாட்டி பேரு, ரெண்டு புள்ளைங்க பேரு எல்லாத்தையும் சொன்னாங்க. எங்க அம்மாவுக்கே தெரியாது அதெல்லாம். ஒடனே பின்னாடி எழுதிட்டேன்" என்றார்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். பெட்டிக்கு அடியில் ஒரு பழைய படமும் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் நல்லா இருக்கிறபோதே அதை வெளியே எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேளுங்கள். கெமரா இரவலாகக் கிடைத்தாலும் போதும்.